வேன் இழுத்த மாமாவுக்கு ஊசி போட்ட நாள்

எங்கள் மாமா முதுகில் கொக்கி மாட்டிக்கொண்டு வேன் இழுத்தவர். சிதம்பரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற மஞ்சள் வேன் அது. அப்படிப்பட்டவர் ஒரு தடுப்பூசிக்குப் பயந்து படகேறி ஓடினார் என்று கல்லூரித் தோழிகளிடம் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவரை மடக்கி ஊசி போட வைத்தது நான்தான் என்று அடுத்துச் சொன்னால் எழுந்தே போய்விடுகிறார்கள். ஆனால் இரண்டும் நடந்தது.

எங்கள் ஊர் கிள்ளைக்குப் பக்கம். ஆடி மாதம் மாரியம்மனுக்குச் செடல் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வேண்டிக்கொண்டவர்கள் காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் வேட்டியோடு கோயில் வாசலில் வந்து நிற்பார்கள். முதுகுத் தோலில் கொக்கிகளை மாட்டி, அதில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் சின்னத் தேரைப் பூட்டி இழுத்து வருவார்கள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேன் வாங்கிய வருடம் அந்த வேனையே இழுப்பதாக வேண்டிக்கொண்டார். அப்புறம் வருடா வருடம் அதுவே பழக்கமாகிவிட்டது. சொந்தக்காரப் பிள்ளைகள் நாங்கள் வேனுக்குள் உட்கார்ந்து தெருவுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு வருவோம்.

கொக்கி ஏறுகிற நேரத்தில் எங்கள் தெருப் பம்பைக்காரர் மாமாவின் காதோரம் நின்று அடித்துத் தூள் கிளப்புவார். அவரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். முதுகில் கயிறு கட்டியவரால் திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் கிளம்புவதற்கு முன் மாமா ஒரு குரல் கொடுப்பார்: "பின்னாடி யாரு இருக்கா?" வேனைத் தள்ளிவிட நிற்கும் ஆண்களும் தாம்பாளம் ஏந்திய பெண்களும் சேர்ந்து, "நாங்க எல்லாரும் இருக்கோம்" என்பார்கள். அதைக் கேட்ட பிறகே முதல் அடி வைப்பார். ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று அதே கேள்வியைக் கேட்பார். எனக்கு அது கொஞ்சம் பந்தாவாகத்தான் தெரியும்.

கொரோனா வந்ததில் இரண்டு ஆடி செடல் இல்லாமல் போனது. கோயில் பூட்டிக் கிடந்தது, பள்ளிக்கூடமும் பூட்டிக் கிடந்தது. வேன் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. டிரைவர் சீட்டில் கோழி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளும் பெரிதாகி ஸ்டியரிங் மேல் ஏறி நின்று ஊரைப் பார்த்தன. நான் கோயிலின் பின்பக்கச் சுவரில் உட்கார்ந்து போனில் பாடம் கேட்டேன். ஊரிலேயே அங்கேதான் டவர் கிடைக்கும். அதுவும் கணக்கு டீச்சர் சொல்கிற சமன்பாட்டில் இடது பக்கம் மட்டும் என்னிடம் வந்து சேரும். வலது பக்கம் பிச்சாவரத்துத் தண்ணீரில் எங்கேயோ விழுந்துவிடும்.

இரண்டாவது அலையில் பம்பைக்காரப் பெரியப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றதும் மாமா கோழிகளை விரட்டிவிட்டு, அவரை வேனில் ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போனார். தொற்று என்பதால் வேறு யாரையும் ஏறவிடவில்லை. திரும்பும்போது மாமா மட்டும் வந்தார். சில நாளில் பெரியப்பா போய்விட்டதாகச் செய்தி வந்தது. ஊருக்கே பம்பை அடித்த மனுஷருக்கு ஒரு மேளச் சத்தம்கூட இல்லாமல் எல்லாம் முடிந்தது. அதன் பிறகு மாமா வேனைத் தொடவில்லை. பேட்டரி செத்துப்போய், கோழிகள் மறுபடியும் குடியேறின.

ஆவணியில் நல்ல செய்தி வந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். நான் அப்போது ஒன்பதாவது. சீருடையைப் போட்டுப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அதுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் பள்ளியிலிருந்து மாமாவுக்குப் போன் வந்ததும் அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. தடுப்பூசி போட்டவர்தான் வேன் ஓட்டலாமாம். மாமா போடவில்லை என்றால் எங்கள் பக்கத்துக்கு வேன் கிடையாது.

அப்பா முடிவைச் சொல்லிவிட்டார். "வேன் இல்லன்னா சிதம்பரம் வேணாம். பஸ்ல நசுங்கிக்கினு போயி, எதையாவது ஒட்ட வச்சிக்கினு வரவா? வூட்லயே போன்ல படிக்கட்டும்."

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து மாமாவைத் துரத்த ஆரம்பித்தேன். முதலில் சளி பிடித்திருக்கிறது என்றார். சளி போனதும், கறி சாப்பிட்டிருக்கிறேன் என்றார். ஊருக்குள் தடுப்பூசி முகாம் போட்ட அன்று நண்டு பிடிக்கப் போவதாகச் சொல்லிப் படகேறினார். உப்பங்கழியின் சுரபுன்னைக் காட்டுக்குள் போனவர், நர்சம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகே கரைக்கு வந்தார். கையில் ஒரு நண்டு இல்லை. தெருவில் மற்றவர்களுக்கு இது நல்ல சாக்காகப் போயிற்று. செடல் போடுகிற ஆளே வேண்டாம் என்கிறார், நமக்கு எதற்கு என்று எல்லோரும் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள்.

அப்பா விடவில்லை. "ஏன் மச்சான், கொக்கி மாட்டுறப்பகூட கண்ண மூடாத ஆளு, ஊசின்னா படகேறுறியே?"

"அது வேற மாமா" என்றார் அவர் அப்பாவிடம்.

"என்னா வேற?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருசமா மாரியம்மாவுக்குக் குடுக்காத ஒடம்பு இது. அவளுக்கு முன்னாடி இன்னொரு ஊசிக்கு எப்பிடிக் குடுக்குறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வயதுக் கோபம் மரியாதை பார்க்காது. "அப்ப அந்த ஊசியவே அம்மாவுக்குன்னு குத்திக்க வேண்டியதுதான மாமா? காப்பு கட்டிக்கங்க, பம்பைய அடிக்கச் சொல்லுங்க, போயி நில்லுங்க."

நக்கலாகத்தான் சொன்னேன். அம்மா என் தலையில் குட்டக் கையை ஓங்கினாள். ஆனால் மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "பாப்பா சொல்றது சரிதான. கோயில்ல செடல் போடக் கூடாதுன்னுதான சொன்னாங்க? முகாம்ல போடக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே" என்றாள்.

அத்தை சொன்னால் சொன்னதுதான். அன்றே பெரியப்பாவின் மகனிடம் போய்ப் பேசினாள். அந்த அண்ணன் அவர் அப்பா போனதிலிருந்து பம்பையைத் துணி சுற்றிப் பரணில் போட்டிருந்தார். இனிமேல் அடிப்பதில்லை என்றார். பிறகு, யாருக்கு என்று கேட்டார். மாமாவுக்கு என்றதும் எழுந்து பரணில் கையை விட்டார். மாமாவும் ஆச்சரியமாக மறுப்பே சொல்லவில்லை. அத்தை காப்புக் கயிற்றை எடுத்து வந்தபோது கையை நீட்டினார்.

அடுத்த முகாம் ஊர்த் தொடக்கப் பள்ளியில். இடைவெளி விட்டு நிற்பதற்காகச் சுண்ணாம்பில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். வந்திருந்தது ஒரே ஒரு நாய்தான். அது முறையாக ஒரு வட்டத்துக்குள் படுத்திருந்தது. நர்சம்மா போன தடவை போலவே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அப்போது தெருமுனையில் பம்பை கேட்டது.

இரண்டு வருடமாக ஊர் கேட்காத சத்தம். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மாமா மஞ்சள் வேட்டி, ஈரத் தலை, கழுத்தில் வேப்பிலை மாலை, மூக்கு வரை மாஸ்க் என்று நடந்து வந்தார். பின்னால் அத்தை தாம்பாளத்தோடு வந்தாள். தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம், கற்பூரம், மாமாவின் ஆதார் கார்டு. பெண்கள் மாஸ்க்கைக் கழற்றாமலே குலவை போட்டார்கள். நர்சம்மா எழுந்து நின்றுவிட்டார். சாமி ஊர்வலம் வழி தவறி உள்ளே வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

அத்தை விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊரு காடாம்புலியூரு. அங்கயும் செடல் உண்டு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஒரு கேள்வியும் கேட்டார். "சாப்ட்டீங்களாண்ணே?"

"இல்லம்மா, விரதம்."

"வெறும் வயித்துல போட மாட்டேன். மயக்கம் வந்துடும்."

"குத்துறதுக்கு முன்னாடி சாப்ட்டா விரதம் கெட்டுடும்மா."

"சாப்புடாம நான் குத்த மாட்டேன்ணே."

பம்பை நின்றது. மாமாவின் கால் மெல்ல வாசல் பக்கம் திரும்புவதை நான் பார்த்தேன். இப்போது போனால் இந்த மனுஷர் திரும்ப வரமாட்டார். என் பள்ளிக்கூடம், என் பெஞ்சு, வலது பக்கச் சமன்பாடு எல்லாம் அந்தக் காலோடு வெளியே போய்க்கொண்டிருந்தது.

நர்சம்மா கொஞ்சம் யோசித்தார். "ஆடியில கூழு ஊத்துனீங்களா?"

"எங்க ஊத்துனோம்? கோயிலே பூட்டிக் கெடந்துச்சே" என்றாள் அம்மா.

"அப்ப இப்ப ஊத்துங்க. அம்மன் கூழு குடிச்சா விரதம் கெடுமா?"

கெடாது. அது எங்கள் பக்கத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அம்மனுக்குப் படைத்த கூழ் சாப்பாட்டில் சேராது. அம்மா ஓடினாள். விரதம் முடித்ததும் கொடுக்கலாம் என்று அத்தை காய்ச்சி வைத்திருந்த கேழ்வரகுக் கூழ் பானையோடு வந்து இறங்கியது. வேப்பிலை போட்டு, கோயில் இருக்கும் திசைக்குக் காட்டி, கற்பூரம் கொளுத்தி, மாமாவிடம் ஒரு சொம்பு கொடுத்தார்கள். அவர் குடித்த வேகத்தைப் பார்த்தபோது விரதம் நிஜமாகவே இருந்திருக்கிறார் என்று நம்பினேன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். நர்சம்மா தோளைப் பஞ்சால் துடைத்தார். மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு குரல் கொடுத்தார். "பின்னாடி யாரு இருக்கா?"

செடலில் ஒரு நாளும் கேட்காத நடுக்கம் அந்தக் குரலில் இருந்தது.

"நாங்க எல்லாரும் இருக்கோம்" என்று தெருவே சொன்னது. அண்ணன் பம்பையைப் பிளந்து கட்டினார். அந்தச் சத்தத்துக்குள் ஊசி போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை.

"முடிஞ்சிச்சிண்ணே" என்றார் நர்சம்மா.

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அவ்ளோதானா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாகவே.

அதன் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அப்பா சட்டைக் கையைச் சுருட்டினார். அம்மா அவருக்குப் பின்னால் போய் நின்றாள். வட்டங்கள் மளமளவென்று நிறைந்ததில் நாய் எழுந்து இடம் கொடுத்தது. கொண்டுவந்த மருந்து தீர்ந்து, கிள்ளையிலிருந்து இன்னொரு பெட்டி வந்தது. போட்டுக்கொண்டவர்களுக்கெல்லாம் அத்தை கூழ் ஊற்றினாள். நடக்காமல் போன ஆடித் திருவிழா ஆவணியில், தொடக்கப் பள்ளியில், அரசாங்க ஏற்பாட்டில் நடந்து முடிந்தது. அன்று என்னைவிடப் பெரிய ஆள் அந்த ஊரில் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

மாமாவுக்கு இன்னும் அடங்கவில்லை. செடல் போட்டாயிற்று, வேன் இழுக்க வேண்டாமா என்று கிளம்பினார். நர்சம்மா விரலை ஆட்டி, "இன்னிக்கு வேனு கீனு இழுத்தீங்க, அடுத்த ஊசிய முதுகுலயே போட்டுடுவேன்" என்றார்.

"அவன் இழுக்க வேணாம். நாங்க தள்றோம்" என்றார் அப்பா.

கோழிகளை இறக்கிவிட்டு மாமா டிரைவர் சீட்டில் ஏறினார். தெருவே திரண்டு வந்து வேனின் பின்னால் நின்றது. ஊசி போட்ட கையைத் தொங்கவிட்டு, எல்லோரும் மற்றக் கையை வேன் மேல் வைத்தார்கள். ஜன்னல் வழியாக மாமாவின் கேள்வி வந்தது. பின்னாலிருந்து பதில் போனது. வேன் முதலில் நகர்ந்தது, பிறகு உருண்டது, கோயில் முனையில் இருமிக் கரும்புகையைக் கக்கி உயிர் பெற்றது. நான் ஓடிப் படியில் தொற்றிக்கொண்டேன். வேன் கோயிலைச் சுற்றி வந்தபோது எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

பள்ளி திறந்த அன்று கோழி வாடை போகாத அந்த வேனில் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனோம். கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதினார். சமன்பாடு இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தது.

ஊசிப் பயத்தை ஓட்டியவள் என்று நான் வெகுநாள் பெருமையடித்துக்கொண்டேன். போன ஆடிச் செடலில் தாம்பாளத்தோடு என் பக்கத்தில் நடந்து வந்த அத்தைதான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அது ஊசிப் பயமா பாப்பா?" என்று, கடலூர் ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததாக மாமா தன்னிடம் மட்டும் சொன்னதைச் சொன்னாள். பெரியப்பாவை ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தள்ளிப் போனார்களாம். திரும்பிப் பார்க்க முடியாத அவர், "பின்னாடி யாருடா இருக்கா?" என்று கேட்டாராம். மாமா, "நான் இருக்கேண்ணே" என்றாராம். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அது அவர் காதில் விழுந்ததா என்று மாமாவுக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு இதெல்லாம் தெரியாத காலத்தில்தான் மாமாவுக்கு இரண்டாவது ஊசியின் முறை வந்தது. பம்பை வேண்டாம், கூழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பள்ளி விட்டு வரும் வழியில் வேனை முகாம் பக்கம் நிறுத்தி, "பாப்பா, வந்து பின்னாடி நில்லு" என்று சாவியை என் கையில் கொடுத்தார். சாவியை வைத்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தவர், திரும்பிப் பார்க்காமல், "இருக்கியா பாப்பா?" என்றார்.

"இருக்கேன் மாமா. சாவியும் பத்தரமா இருக்கு" என்றேன்.