ராசாவை அழைத்துப்போக ஆள் வரவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை நாற்பது பேருக்குச் சுக்குக் காபி போட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒரு காக்காய்கூட வரவில்லை!

அன்று மூன்று ராசாக்கள் திருநாள். பாலன் யேசுவைத் தேடி நட்சத்திரத்தின் பின்னே மூன்று ராசாக்கள் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸுக்குக் குடில் வைத்தாலும் ராசாக்களை உடனே வைக்க மாட்டோம். தூர தேசத்திலிருந்து வருகிறவர்கள் அதற்குள் வந்து சேர முடியுமா? அதுவரை அவர்களுடைய மூன்று சிலைகளும், சுரூபம் என்போம், மூன்று வீடுகளில் தங்கும். ஜனவரி ஆறாம் தேதி காலையில் ஜனங்கள் மத்தளத்தோடு வீடு வீடாக வந்து, பாடி, காபி குடித்து, ராசாவை அழைத்துப்போவார்கள்.

மண்டியிட்ட ராசா பல வருஷமாக எங்கள் வீட்டு விருந்தாளி. முழங்கை உயரம். மூக்கு நுனி கொஞ்சம் பெயர்ந்திருக்கும். என் மனைவி இருந்தவரை அவள்தான் துடைத்து, பூ வைத்து, காபி போடுவாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகன் பம்பாயில்... ஒளிப்பானேன்? வருஷத்தில் என் வீட்டுக்குள் நாலு பேர் சேர்ந்து வருவது அந்த ஒரு நாள்தான். அதற்காகத்தான் நானே சுக்குத் தட்டினேன்.

பக்கத்து வீட்டு சௌராஷ்டிர அம்மாள் எட்டிப் பார்த்தார். "ஏண்ணே, ஒங்க ராசாவக் கூப்பிட இன்னும் ஆள் வரலையா? மில்லுச் சங்கே ஊதிருச்சே!"

"வருவாக, வருவாக. அம்புட்டுப் பேரும் சேர்ந்து வரணும்ல!"

வெயில் ஏறிவிட்டது. சரி, என்னதான் ஆயிற்று? ராசாவைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு நானே கோயிலுக்கு நடந்தேன். கோயில்பிள்ளை அருளப்பன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, தனியாத் தூக்கிட்டு வாரீக?"

"நீங்க யாரும் வரலையே, மாப்ள!"

"அட, போன வாரம் பிரசங்கத்துல சாமியார் சொன்னாரே, கேக்கலையா? மில்லுல ஷிப்டு, ஆபீஸுல லீவு கெடயாது. இன்னைக்குக் காலைப் பூசைக்குப் பத்துப் பேருகூட வரல. இனிமே வர்ற ஞாயித்துக்கெழமதான் திருநாள் வைப்போம். வீடு வீடா வாரதும் கெடயாது. சுரூபத்த அவுகவுகளே கொண்டாந்துறணும்."

பிரசங்கத்தில் கண்ணயர்வது என் பழைய வியாதி. முன்பெல்லாம் விலாவில் இடித்து எழுப்ப ஆள் இருந்தாள்!

"இனிமே வீட்டுக்கே வர மாட்டீகளா?" என்றேன்.

"ஒங்களுக்கு எதுக்குண்ணே வீண் சிரமம்? இப்பவே குடுத்துட்டுப் போங்க, அலமாரில பூட்டி வச்சிர்றேன்."

கொடுக்கவில்லை. "ஞாயித்துக்கெழம கொண்டாரேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். இரண்டு வாரமாக வீட்டில் நான் பேசுவது ராசாவிடம் மட்டும்தான். அவரை எப்படி அலமாரியில் விட்டு வருவது?

சாமியார் மேல் எனக்குக் கோபமில்லை. மில்லுக்குப் போகிறவர்கள் திருநாளுக்காகக் கூலியை விடவா முடியும்? எல்லாருக்கும் நல்ல மனசுதான். ஆனால் ஒன்று... அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று ஊரே நினைக்க ஆரம்பித்தால், யார்தான் யார் வீட்டுக்கு வருவது?

பக்கத்து வீட்டு அம்மாளும் தறியை விட்டு எழுந்து வந்த அவர் கணவரும் ஆளுக்கு ஒரு டம்ளர் காபி குடித்தார்கள். "காரம் சாஸ்திண்ணே" என்றார் அம்மாள். அவருக்கு மூக்கில் நீர் வழிந்தது. எனக்கும் வழிந்தது. ஆனால் நான் இன்னும் குடிக்கவே இல்லை.

இதை நீங்கள் படிக்கும்போது ராசாவும் போயிருப்பார். சுக்கும் கருப்பட்டியும் நிறைய மிச்சமிருக்கிறது. எங்கள் பக்கம் வந்தால், தயவுசெய்து எனக்குக் கொஞ்சம் சிரமம் கொடுத்துவிட்டுப் போங்கள்.