கொழுந்து லொறியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்

தெமோதரையில் ரயிலுக்காக நின்றபோது எங்கள் பாடசாலை அதிபர் போனில் அழைத்தார். "டீச்சர், நம்ம யோகநாதன் சேர் விடியக்காலைல தவறிட்டாரு" என்றார். ரயில் வந்தது, நான் ஏறவில்லை. பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞானம் கற்பிக்க வந்து, திரும்பிப் போக மறந்துவிட்டவர் அவர். தமிழ் கற்பிக்கும் எனக்கு ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து மேசை. அவருடைய மேசையில் எப்போதும் வானொலி அலைகளில் பேசுவோரைத் தேடிக் கேட்கும் கைக்கடக்கமான ஒரு ஸ்கேனர் இருக்கும். வானொலி அமெச்சூர் அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவர். தோட்டத்து உரையாடல்கள் அதில் காதில் விழுவதைத் தோட்ட நிர்வாகியான துரையிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"சேர், கட்டாருல இருக்க எங்கண்ணன் போன்ல பேசுறது இதுல கேக்குமா?" என்று ஒருமுறை கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார்.

"டீச்சர், போன் கதை பூட்டின அறைக்குள்ள நடக்கிறது. இது வீட்டு முத்தத்தில நிண்டு கதைக்கிறவையைத்தான் கேக்கும். முத்தத்திலயும் ஆளுக்கொரு இடம் இருக்கு. நூற்றுப் பதினெட்டில இருந்து நூற்று முப்பத்தாறு மெகாஹேர்ட்ஸ் வரை விமானக்காரர். நூற்று நாற்பத்து நாலுக்கு மேல என்னைப் போல அமெச்சூர் ஆக்கள். நூற்றைம்பது தாண்டினா எங்கட தோட்டமும் லொறியும். ஆர் எங்க இருப்பினம் எண்டு தெரியாமல் தேடினா இரைச்சல்தான் மிஞ்சும்."

ஸ்கேனர் வரிசையாகத் தேடிக்கொண்டே போய், குரல் கேட்கும் இடத்தில் நின்றுவிடும். எங்கள் மலையில் அது எப்போதும் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியை ஓட்டும் மாரிமுத்துவிடம்தான் நின்றது. எந்த மலையில் எத்தனை சாக்கு, நிறுவையில் யாருக்கு யாரோடு சண்டை என்று அவர் வோக்கி டோக்கியில் ஓயாமல் பேசுவார். விமானிகளைக் கேட்க ஆசைப்பட்ட சேருக்கு அலுத்துப்போனது. "இந்த மனுசன் மூச்சும் விடான் போல" என்று, அந்த ஒரு அலைவரிசையைத் தாண்டிப் போகும்படி ஒரு பொத்தானை அழுத்திவிட்டார். அப்பாடா என்றிருந்தது எங்களுக்கும்.

பிறகு அந்த மழை வந்தது. தொலைபேசிகள் செயலிழந்தன. அதிபர் எங்கள் அறைக்கு வந்தார். "சேர், கீழ் டிவிசன் ரோட்டுப் பக்கம் ஏதாச்சும் பேசிக்கிறாங்களா? பிள்ளைங்கள அனுப்பலாமா?"

சேர் ஸ்கேனரைக் காதில் வைத்துக் கேட்டார். "ஒரு சத்தமும் இல்லை" என்றார்.

மணி அடித்தார்கள். தோட்டத்தின் அடிவாரப் பகுதியான கீழ் டிவிசன் பிள்ளைகள் புறப்பட்டார்கள். என் மகள் கவிதா காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். நான் பையை எடுத்தபோது சேர் திடுக்கிட்டு எழுந்தார். "ஐயோ டீச்சர், நான்தானே அவன்ர வாயைப் பொத்தி வச்சனான்!"

பொத்தானை அழுத்தினார். மாரிமுத்துவின் குரல் அலறியது: "யாரும் கீழ எறங்காதீங்க! ரோட்டுக்கு மேல மண்ணு சரியுது!"

அந்தக் கனத்த உடம்போடு கொட்டும் மழையில் சேர் ஓடிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். வளைவில் பிள்ளைகளை மறித்து, கவிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அன்று பிற்பகல் மண் இறங்கிப் பாதையை மூடியது. அங்கே ஒருவரும் இருக்கவில்லை. என் மகள் உயிரோடிருப்பது அவரால்தான்.

மாலையில் அவர் அதிபரிடம் போனார். "சத்தம் இல்லை எண்டு சொன்னது பிழை, சேர். எனக்குக் கேக்கேல்லை எண்டுதான் சொல்லியிருக்கோணும்."

அதன்பின் அவர் அந்த அலைவரிசையைத் தாண்டியதே இல்லை. விமானங்கள் தம்பாட்டில் போயின. "இன்னைக்கு எத்தன சாக்கு சேர்?" என்று நான் சீண்டினால், முகம் கோணாமல் கணக்குச் சொல்வார். இடையில் மலை மறைத்தால் அலை வராது என்பதால், ஓய்வு பெற்றபின்னும் எங்கள் தோட்டம் நேராகத் தெரியும் மேட்டில்தான் வீடு பார்த்தார்.

அந்த வீட்டில் நேற்று மாலைவரை இருந்தேன். ஜன்னலோரம் ஸ்கேனர் மெல்லப் பேசிக்கொண்டிருந்தது. உறவினர் ஒருவர் அதை அணைக்கக் கை நீட்டினார். சேரின் மனைவி நளினியக்கா தடுத்தார். "நிப்பாட்டாதேங்கோ. லொறி இன்னும் போய்ச் சேரேல்லை."

சற்று நேரத்தில் மாரிமுத்துவின் குரல் வந்தது. "பெக்டரிக்கு வந்துட்டேங்க. ரோட்டுல ஒரு பிரச்சினையும் இல்ல."

நளினியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாமே அதை அணைத்தார்.

லொறி வந்து சேர்ந்துவிட்டது, சேர். இனி நீங்கள் போய் வாருங்கள்.