சிவப்புக் கரைப் பட்டை

கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கம்பெனிகளில் சாராள் கலவை சுமக்காத கட்டடம் குறைவு. ரயில் பாதையை ஒட்டிய குடிசை வரிசையில் அவளும் அவள் நாய் ஜிம்மியும் இருந்தார்கள். வேலைவிட்டு வரும்போது தூக்குச்சட்டியில் மீந்த சோற்றைத் தெருநாய்கள் எல்லாவற்றுக்கும் பங்கு வைப்பாள். அவளுடைய காலடிச் சத்தம் கேட்டாலே வால்கள் ஆடத் தொடங்கிவிடும்.

எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் ஆரணிப் பக்கமிருந்து வெறிநாய் ஒன்று வந்து, வழியில் கண்ட நாய்களையெல்லாம் கடித்துவிட்டுப் போனது. கடிபட்ட கன்றுக்குட்டி ஒன்று நுரை தள்ளிச் செத்தது. ஊரே நடுங்கியது. பஞ்சாயத்தில் தமுக்கு அடித்தார்கள். வளர்ப்பு நாய்க்குக் கழுத்தில் பட்டை கட்ட வேண்டும். பட்டை இல்லாத நாயைப் பிடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று.

சாராளுக்கு மனசு கேட்கவில்லை. பழைய புடவையின் சிவப்புக் கரையைக் கிழித்தாள். ஜிம்மிக்கு மட்டுமல்ல, தெருவிலிருந்த நாய் ஒவ்வொன்றுக்கும் கட்டிவிட்டாள். நாய் பிடிக்க வந்த துலுக்காணம் சுருக்குக் கம்பியோடு திகைத்து நின்றான்.

“இன்னா யக்கா, அத்தினியும் உன் நாயா?”

“எல்லாம் என் புள்ளைங்கதான். போய்க்கினே இரு.”

அவனும் சிரித்துவிட்டுப் போனான். பட்டை இருந்தால் தொடக்கூடாது என்பதுதானே அவனுக்கு உத்தரவு.

ஒரு மாதம் போயிருக்கும். அந்தத் தெருநாய்களில் ஒரு செவலை, வைத்த சோற்றைத் தொடாமல் வாயைத் தொங்கப் போட்டபடி படுத்துக் கிடந்தது. தண்ணீரும் குடிக்கவில்லை. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு சாராள் வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பியபோது ஜிம்மியின் காது கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பதறிப்போய்க் குழாயடியில் வைத்துக் கழுவினாள். சிமெண்டு அரித்து வெடித்திருந்த விரல்கள் எரிந்தன. அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கொத்தனார் குப்புராஜின் மனைவி முத்தம்மா நடந்ததைச் சொன்னாள். செவலை குப்புராஜின் கெண்டைக்காலைக் கவ்வியிருக்கிறது. ஜிம்மி குறுக்கே பாய்ந்து கடி வாங்கியிருக்கிறது.

குப்புராஜ் கடிவாயில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களிடம், பட்டை கட்டிய நாய், யாரோ வளர்ப்பது, அதற்குப் போய் வயிற்றில் பதினாலு ஊசியா என்று கேலி பேசிக்கொண்டிருந்தார். ஊசி என்றால் அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்குச் சிவப்புப் பட்டை நல்ல சாக்காகிவிட்டது.

செவலைக்குத் தொண்டையில் சிக்கியது எலும்பு இல்லை, அது வெறி என்று சாராளுக்கு இப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் குப்புராஜ் பிழைப்பார். ஆனால் கடிபட்ட ஜிம்மியை விட்டுவைக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கதவோரம் உட்கார்ந்தாள். ஜிம்மி வந்து மடியில் தலை வைக்கப் பார்த்தது. சட்டென்று எழுந்து குப்புராஜின் வாசலுக்குப் போனாள்.

“அண்ணே, அது யார் ஊட்டு நாயும் இல்ல. பட்டை நான் கட்டுனது. காலைலேருந்து தண்ணிகூடக் குடிக்காம கெடந்திச்சி. எழுந்து வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

குப்புராஜின் முகம் வெளுத்தது. பேசியது முத்தம்மாதான்.

“நாய்க்குப் பாவம் பாத்தியே, என் தாலிக்குப் பாத்தியாடி?”

சாராள் குப்புராஜின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் குப்புராஜின் காலில் இருந்த சுண்ணாம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பிறகு சாராளின் வெடித்த விரல்களைப் பார்த்தார். நாயின் காயத்தைக் கழுவியது இந்தக் கையா என்று கேட்டார். அவளுக்கும் ஊசி உண்டு என்றார். கடிபட்ட நாயை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார்.

துலுக்காணத்துக்கு அவளேதான் சொல்லி அனுப்பினாள். செவலையைப் பிடித்து முடித்துவிட்டு அவன் வந்தபோது ஜிம்மியைத் தனியே கம்பத்தில் கட்டி, சோற்று இலையைக் கம்பால் தள்ளி வைத்திருந்தாள். கருவாட்டுக் குழம்புச் சோறு. அது தின்று முடிக்கும்வரை துலுக்காணம் காத்திருந்தான்.

“நீ உள்ள போ, யக்கா.”

அவள் போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ரயில் பாதையில் கூட்ஸ் வண்டி ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.

தினமும் ஒரே ரயிலில்தான் மூவரும் பொன்னேரிக்குப் போனார்கள். நடுவில் முத்தம்மா, வாயே திறக்காமல். ஊசி பாதி முடிந்திருந்த ஒரு நாள், குப்புராஜ் வீங்கிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தனக்கு மாசம் எத்தனை இருக்கும் என்று சாராளைக் கேட்டார். முத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குக் கொண்டுவந்த இட்லியில் சாராளுக்கும் பங்கு வைத்தாள்.

மறு வருஷம் மாட்டாஸ்பத்திரிக்காரர்கள் நாய்களுக்குத் தடுப்பூசி போட வந்தார்கள். சாராள் வேலைக்குப் போகாமல் தெருநாய்களை ஒவ்வொன்றாகக் கூட்டிவந்து, வாயைத் துணியால் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மிச்சமிருந்த சிவப்புக் கரை அவள் தோளில் கிடந்தது. ஊசி ஏறிய பிறகுதான் அதில் ஒரு துண்டைக் கிழித்து நாயின் கழுத்தில் கட்டினாள்.

துலுக்காணம் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது ஊசி போட்ட நாயா, இல்ல உன் புள்ளையா, யக்கா?”

“ஊசி போட்ட புள்ள,” என்றாள் சாராள்.