வெள்ளை ஹெட்போனும் என் தலையும்

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிதில் மலாக்கா டவுனில் எல்லாருக்கும் திடீரென்று பேச ஆசை வந்துவிட்டது. கோலாலம்பூருக்குப் பேச வேண்டும், சிங்கப்பூருக்குப் பேச வேண்டும், ஒன்றும் இல்லையென்றால் அடுத்த தெருவுக்காவது பேச வேண்டும். அத்தனை பேச்சுக்கும் கம்பி மாற்றிக் கொடுத்த பெண்களில் நானும் ஒருத்தி. தொலைபேசி நிலையத்தில் சுவிட்ச்போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்கிற வேலை. காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

முதலில் எங்களுக்குக் கொடுத்தவை கறுப்பு ஹெட்போன்கள். இரும்புப் பட்டையும் கனத்த காது மூடியுமாக, தலையில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கழுத்து திரும்பாது. பிறகு ஒருநாள் பெட்டி பெட்டியாகப் புது ஹெட்போன்கள் வந்து இறங்கின. முழுக்கப் பிளாஸ்டிக், பால் வெள்ளை, பூப்போல இலேசு. நாங்கள் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சிரித்தோம். பழைய கறுப்பு ஹெட்போன்களை லாரியில் ஏற்றி எங்கேயோ அனுப்பிவிட்டார்கள்.

சில வாரம் கழித்து என்னுடையது உடைந்தது. பட்டையும் காது மூடியும் சேருகிற மூட்டில் மயிரிழை மாதிரி கோடுகள் ஓடி, ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று கழன்று மடியில் விழுந்தது. வேறொன்று கொடுத்தார்கள். அதுவும் அதே இடத்தில் போனது. சீனப் பெண்களுடையதும் போர்த்துகீசியர் வழிவந்த செரானிப் பெண்களுடையதும் புத்தம்புதிதாக இருக்க, என் கையில் மட்டும்தான் இந்தக் கூத்து.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு செரானி மேடம். கத்தரித்த முடி, கத்தரித்த பேச்சு. நான் ஹெட்போனைப் பிடித்து இழுக்கிறேன், முரட்டுக் கை என்றார். "சாத்து லாகி பாத்தா, ஹாபிஸ்!" என்று விரலை ஆட்டினார். இன்னொன்று உடைந்தால் என் கதை முடிந்தது என்று அர்த்தம். நானோ இன்னும் தற்காலிகம்தான். வேலை போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். அப்பா ஏற்கெனவே தம்பின் ஊரில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டு, நான் எப்போது வேலையில்லாமல் வீட்டில் உட்காருவேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

"எப்படி உடையுது? சத்தம் வருதா?" என்றார்.

"கீச்சுகீச்சுன்னு வருதும்மா."

"அட, இதுக்கா அழுவுற? கதவு கீச்சுன்னா என்னா செய்வோம்? அந்த மூட்டுல ரெண்டு சொட்டுத் தேங்கா எண்ணெ விடுலா. உனக்கும் ஒடம்பு சூடு, தலைக்கு இன்னும் கொஞ்சம் வெக்கிறேன்."

தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் அம்மா என் தலையில் வழிய வழிய எண்ணெய் வைத்துப் பின்னிவிட, நான் கைக்குட்டை முனையில் எண்ணெய் நனைத்துப் போய் ஹெட்போன் மூட்டுக்கும் பூசினேன். என்ன ஒரு புத்திசாலித்தனம்! மூட்டில் கோடுகள் முன்னைவிட வேகமாக ஓட ஆரம்பித்தன.

அந்த வாரம்தான் வீட்டில் ஒரு கலவரம். அம்மா பாசாரில் ஆசைப்பட்டு வாங்கிய ரோஸ் கலர் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தலைக்கு வைக்கும் எண்ணெயை ஊற்றி வைத்திருந்தார். கிண்ணம் விரிசல் விட்டு அலமாரியெல்லாம் எண்ணெய். "கட்டையில போறவன், ஓட்டக் கிண்ணத்த வித்துட்டான்!" என்று அம்மா கத்தினார். நான் கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அதே மயிரிழைக் கோடுகள். பக்கத்தில் சர்க்கரை வைத்திருந்த இன்னொரு ரோஸ் கிண்ணத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. என் முரட்டுக் கை படாத கிண்ணம் இது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கோபம். சுவிட்ச்போர்டு அறையில் எண்ணெய் வைத்த தலை என்னுடையது ஒன்றுதானே!

எண்ணெய் பட்டுத்தான் பிளாஸ்டிக் விரிகிறது என்று ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, அப்படியானால் எண்ணெய் வைக்காமல் வா என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வா என்பதுபோல அவ்வளவு சுலபமாக! எங்கள் வீட்டில் வயசுப்பெண் காய்ந்த தலையோடு வாசல் தாண்ட முடியுமா? அது எழவு வீட்டுக் கோலம். அம்மாவுக்கு நேரே இதை எப்படிச் சொல்வது? பட்டையில் துணி சுற்றிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் அதுவும் எண்ணெயில் ஊறிப்போனது. மூட்டு இன்று விடுமோ நாளை விடுமோ என்று தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அம்மா ஆடித் தீர்ப்பார் என்று பயந்தேன். அவரோ மறுநாள் காலையில் என்னை உட்கார வைத்து, சீயக்காய் போட்டு, எண்ணெய் சொட்டுக்கூட மிச்சமில்லாமல் தலையை அலசிவிட்டார். ஈரம் துவட்டும்போது மெதுவாகச் சொன்னார்.

"நான் இதுவரைக்கும் டெலிபோன தொட்டதே இல்ல. டவுன்ல யாரு போன எடுத்தாலும் ஒங்கொரல்தான் கேக்குதாம்ல? அப்பா கெடக்குறாரு. நீ போ."

அந்த அரை உயிர் மூட்டு, எண்ணெய் படாமல், என் வேலை நிரந்தரமாகும்வரை தாங்கியது. தம்பின் மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தார்.

ஆனால் அன்று காலை அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பறட்டைத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டைவிட்டு இறங்கினேன். பக்கத்து வீட்டில், மலாய் பேசும் பழைய செட்டிமார் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அம்மா இருந்தார். தமிழ் பேச வராது, ஆனால் நம் சாஸ்திரமெல்லாம் தலைகீழ்ப் பாடம். என் தலையைப் பார்த்ததும் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "அடோய்! சியாப்பா மாத்தி?" என்று அலறினார். யார் செத்தது என்று கேட்கிறார். நான் நடையைக் கூட்டினேன்.

எனக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் தெருவே கேட்கும்படி வந்தது.

"ஹெட்போன்!"