பேஸ்மென்ட் பிரிட்ஜும் பன்னிரண்டு இறாத்தல் அமுக்கமும்

மொன்றியலின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அக்கா வீட்டு பேஸ்மென்டில் ஒரு பழைய பிரிட்ஜ் இருந்தது. மீனும் ஆட்டிறைச்சியும் வைக்கவென்று அக்கா வாங்கியது. இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலம், அத்தான் அதன் கதவில் துளை போட்டு பியர்க் குழாய் ஒன்றைப் பொருத்தினார். உள்ளே ஓர் எஃகுப் பீப்பாய், பக்கத்தில் காபனீரொட்சைட்டு வாயு சிலிண்டர். சிலிண்டரின் தலையில் அமுக்கத்தைக் காட்டும் முள்ளும் அதைக் கூட்டிக் குறைக்கும் திருகும் இருந்தன.

துளையைப் பார்த்த அக்கா சத்தம் போடவில்லை. நிபந்தனை ஒன்று வைத்தார்.

"பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கு வாற சனத்துக்கு இதிலை ஒழுங்கா பியர் ஊத்திக் காட்டுங்கோ. பிரிட்ஜ் உங்களுக்கு. நுரை தள்ளிச்சுதெண்டால் ஓட்டையை அடைச்சுப்போட்டு மீனை வைப்பன்."

அத்தான் ஒத்துக்கொண்டார். அதன்பிறகு அவருடைய பேச்சில் வேறு விஷயம் இருக்கவில்லை. குளிர்ந்த பியர் வாயுவைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். சூடேறினால் விட்டுவிடும்; விட்டதெல்லாம் நுரை. ஆகவே வெப்பநிலைக்கு ஏற்ற அமுக்கம் வேண்டும்: மூன்று பாகைக்குப் பன்னிரண்டு இறாத்தல். குழாயும் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால்தான் பியர் அவசரப்படாமல் வரும். இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னார், காரில் சொன்னார், மாதா கோவில் வாசலிலும் சொன்னார். விருந்துக்கு முதல்நாள் பின்னேரம் ஊற்றிக் காட்டினார். பொன்னிறம், மேலே இரண்டு விரல் நுரை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் ஞானஸ்நானம் முடிந்து எல்லோரும் பேஸ்மென்டில் கூடினார்கள். முதல் கிளாஸ் பாதருக்கு. அத்தான் குழாயைத் திறந்தார். ஒரு சீறல், கிளாஸ் நிறைய வெள்ளை நுரை. அது அடங்கியபோது அடியில் ஒரு வாய் பியர் கிடந்தது.

பாதர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் பிள்ளையின்ரை தலையிலை ஊத்தின தண்ணி இதைவிடக் கூட."

சிரிப்பு அடங்குவதற்குள் ஆண்கள் பிரிட்ஜைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"அமுக்கம் கூடிப்போச்சு. குறையுங்கோ அண்ணை."

"குறைச்சால் எப்பிடி வரும்? கூட்டடாப்பா."

"டயருக்குக் காத்தடிச்ச எனக்கு இது தெரியாதே? விடு, நான் பாக்கிறன்."

ஆளுக்கு ஒருமுறை திருகைத் திருகினார்கள். குறைத்தபோது வாயு குழாய்க்குள்ளேயே பிரிந்து துப்பியது. கூட்டியபோது நுரை பாதரின் அங்கிவரை போனது. அத்தானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் குனிந்து கதவை முழுதாகத் திறந்தேன். பீப்பாயோடு ஒட்டியபடி ஓர் அண்டா இருந்தது. மூடியைத் தூக்கினால் ஆட்டுக்கறி. மேலடுக்கில் நான்கு தட்டு றோல்ஸ். அண்டா இன்னும் இளஞ்சூடாக இருந்தது. மூன்று காட்ட வேண்டிய வெப்பமானி பதினொன்றைக் காட்டியது.

"அக்கா, இது எப்ப வைச்சது?"

"ராத்திரி, இறக்கின கையோடை. உள்ளுக்கை இடம் சும்மாதானே கிடந்தது?"

"கறிச்சூட்டிலை பியருக்குக் காய்ச்சல் வந்திட்டுது," என்றார் அத்தான். "இது தோல்வியில்லை. இது சதி."

"சும்மா கிடக்கிற பிரிட்ஜிலை கறி வைக்கிறது சதியே? நுரை நுரைதான்."

அண்டாவை எடுத்தாலும் பீப்பாய் குளிர அடுத்தநாள் ஆகும். அத்தான் படியேறிப் போய் பின்கதவுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். முற்றத்தில் இடுப்பளவு பனி. காற்றில்லை, குளிர் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே.

"மச்சான், அந்தப் பக்கம் பிடியும்," என்றார் என்னிடம்.

பீப்பாயையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு போய்ப் பனிக்குள் கழுத்துவரை புதைத்தோம். அத்தான் வெப்பமானியைப் பீப்பாயில் ஒட்டி, குழாயைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்து, நுனியில் கையால் அமுக்கும் பிளாஸ்டிக் வாய் ஒன்றை மாட்டினார். பீப்பாயில் அடைபட்டிருந்த வாயுவை வெளியே விட்டு, திருகைப் பன்னிரண்டில் நிறுத்தி, அதற்கு முன்னால் காவல் நின்றார். எங்கள் விருந்துகள் ஒருபோதும் நேரத்துக்கு முடிவதில்லை. அன்று அது நல்லதாகப் போயிற்று. சோறு, கேக், படம் எடுப்பது, மறுபடியும் படம் எடுப்பது எல்லாம் முடிய வெப்பமானி மூன்றுக்கு வந்திருந்தது.

முதல் கிளாஸ் நுரை, கொட்டினார். இரண்டாவது பொன்னிறமாக, சத்தமில்லாமல் நிறைந்தது. அதைப் பாதர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளாஸை மறுபடி நீட்டினார். பட்டுவேட்டிக்கு மேல் ஜாக்கெட்டும் கீழே பனிச்சப்பாத்துமாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். திருகை யாரும் தொடவில்லை.

அக்கா குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கதவடிக்கு வந்தார்.

"பாத்தீரே? நுரையில்லை," என்றார் அத்தான். "பிரிட்ஜ் எனக்கு."

அக்கா பனியைப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார்.

"பிரிட்ஜ் இல்லாமலே இவ்வளவு வடிவாய் வருகுதே. பிறகேன் உங்களுக்குப் பிரிட்ஜ்?"

வரிசை முழுவதும் சிரித்தது. அத்தான் பாதரிடம் திரும்பினார். "பாதர், நீங்கள் ஒரு ஞாயத்தைச் சொல்லுங்கோ," என்றார்.

"பனி கிடக்குமட்டும் மீன். பனி போனால் பியர்," என்றார் பாதர், கிளாஸைக் கீழே வைக்காமல்.

அடுத்த வாரமே பிரிட்ஜுக்குள் மீன் போய்விட்டது. கதவில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. சித்திரை பிறந்தது; தெருவெல்லாம் காய்ந்துவிட்டது. பனி தொலைந்தது என்று மொன்றியலே மகிழ்ந்திருந்த ஒரு சனிக்கிழமை, அக்கா அத்தானின் கையைப் பிடித்து வீட்டின் நிழல் பக்கத்துக்குக் கூட்டிப்போனார். வேலியடியில் கறுத்துப்போய், ஒரு பூனை படுக்கும் அளவில் கிடந்த பனிக்குவியலைக் காட்டினார்.

"இன்னும் கிடக்குது," என்றார்.