காத்தாடிக் காலத்து வெங்காயம்

கடம்பூருக்கு மேற்கே காற்றாலைக் காவலுக்குச் சேரும்போது சங்கரபாண்டி இளவட்டம். காத்தாடி நட அவன் நிலத்திலும் ஒரு துண்டு போனது, அதற்காகக் கிடைத்த வேலை. இப்போது தலை நரைத்துவிட்டது, வேலை அதேதான். ஆபீசிலிருந்து போன் வந்தால் காத்தாடியை நிறுத்தணும், மறு போன் வந்தால் ஓட்டணும். அவ்வளவுதான் அவன் அதிகாரம்.

மீதி நிலத்தில் ஒரு கிணறு. அதை நம்பி வைகாசிக் கடைசியில் அரை ஏக்கர் சின்ன வெங்காயம் போட்டிருந்தான். இப்போது ஆடி, வெங்காயம் திரளுகிற பருவம். மேல்காற்று ஆளைத் தள்ளியது. காத்தாடியைச் சுழற்றுகிற அதே காற்றுதான் கரிசலின் ஈரத்தையும் குடித்தது. பாத்தியெல்லாம் விரல் நுழைகிற வெடிப்பு. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் பிழைத்துக்கொள்ளும்.

கரண்டு வந்தால்தானே? காற்று ஓங்கினால், லைன் தாங்காது, காத்தாடியை நிறுத்து என்பார்கள். காற்று சட்டென்று படுத்துவிட்டால் ஊருக்கெல்லாம் கரண்டு பத்தாது, முதலில் கிணற்று மோட்டார் லைனைத்தான் பிடுங்குவார்கள்.

"காத்தாடிக்குக் கீழ உக்காந்துக்கிட்டு கரண்டு இல்லங்குதீங்க. சொன்னா எவளாவது நம்புவாளா?" என்றாள் மனைவி இசக்கிச்செல்வி.

"நான் என்னட்டி செய்ய? காத்தை மடியிலயா கட்டி வச்சிருக்கேன்?"

பக்கத்துக் கிணற்று ஜெயபாண்டி சிரித்தான். "இனிமே காத்தாடிய கடலுக்குள்ள நடப் போறாவளாம் அண்ணாச்சி. அங்கன காத்து நல்லா நின்னு அடிக்குமாம்."

"அடிக்கட்டும்லே. அந்தக் கரண்டும் கரைக்கு வந்து இந்தக் கம்பியிலதான போகணும்?"

அந்த டிரான்ஸ்பார்மரை நம்பிய கிணறுகளுக்குள் ஒரு முறை உண்டு. ஒருநாள் மேலக் கிணறுகள், மறுநாள் கீழக் கிணறுகள். எல்லா மோட்டாரும் சேர்ந்து ஓடினால் தாங்காது. அன்று ஜெயபாண்டி மாதிரி மேலக்காரர்கள் முறை. சங்கரபாண்டி கீழக்காரன். ஆனால் கரண்டு எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்றே தெரியாதபோது முறையாவது மண்ணாவது! வந்ததும் தானாக ஓடட்டும் என்று ஆட்டோ சுவிட்சைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். ஒரு மோட்டாரால் என்ன கெட்டுவிடப் போகிறது?

கீழக்காரர்கள் அத்தனை பேரும் அப்படியேதான் நினைத்திருக்கிறார்கள்.

உச்சிவேளையில் கரண்டு வந்தது. எல்லா மோட்டாரும் ஒரே மூச்சில் உறுமின. வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டுமுன் டிரான்ஸ்பார்மர் டமாரென்று வெடித்துப் புகைந்தது. மின்வாரிய ஆபீசில் கேட்டதற்கு, மாற்றி வைக்க எப்படியும் ஒரு வாரமாகும் என்று பதில் வந்தது.

"முறை தப்பி ஆட்டோ போட்டது எவம்லே?" என்று ஜெயபாண்டி கத்தினான். கூடியிருந்த கீழக்காரர்கள் ஒவ்வொருத்தராக நழுவினார்கள். சங்கரபாண்டியும் தன் பாத்திப் பக்கம் நடந்தான்.

இசக்கிச்செல்வி சேலையைச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். சுண்டைக்காய் பருமனில் இருந்த வெங்காயத்தைத் தாளோடு பிடுங்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, ரெண்டு நாள் பொறு. மழை கிழை விழுந்தா..."

"ஆடியில இங்கன என்னைக்கு விழுந்திருக்கு? பச்சையா இருக்கும்போதே பிடுங்குனா தாளாவது விலைபோகும். காஞ்சா மாடுகூடத் திங்காது."

அவனும் அடுத்த பாத்தியில் குனிந்தான்.