ஆளுக்கொரு கார்

மாதேவி கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துக்காரி. மைசூரு ஹெப்பாளில் ஒரு கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் வேலை. கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. ஆனால் எதுவானாலும் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

வெள்ளிக்கிழமை மாலைகளில் கொள்ளேகால் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்குப் போவாள். ஆபீஸ்காரர்களின் கார்கள் அந்தப் பக்கம் காலியாகத்தானே போகும் என்று ஒருநாள் தோன்றியது. அலுவலகத்தார் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்பாயிண்ட் இணையதளத்தில் ஒரு பட்டியல் தொடங்கினாள்: யார் கார், எந்த ஊருக்கு, எத்தனை இடம். அதிலுள்ளதை எடுத்துவந்து ஒரு பக்கத்தில் அழகாகக் காட்ட, தேடிப் படித்துச் சின்னதாக ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் எழுதினாள். பக்கத்தைத் திறந்ததும் கார்கள் வரிசையாக வந்து நின்றன.

ஆனால் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

"கொள்ளேகாலுக்கு என் வண்டி ஒண்ணுதான் போகுதாட்ட இருக்கு," என்றாள் கணக்குப் பிரிவுப் பூங்குழலி.

"இல்லீங்க, மனோஜ்குமார் காரும் இருக்குதே!" என்றாள் மாதேவி.

உடனே பக்கத்துப் பிரிவு மனோஜ்குமாரிடம் போனாள். "என் கார் மட்டும்தான் காட்டுதுக்கா. பேரே யாரூ இல்லா, வேற யாருமே இல்ல," என்றான் அவன், பாதி கன்னடத்தில்.

அவன் திரையில் உண்மையிலேயே ஒரே கார். பிழைச் செய்தி எதுவும் இல்லை. அதே பக்கம், அதே நிரல். மாதேவிக்கு ஆவல் தாங்கவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, தளம் அனுப்பியிருந்த பதிலை பிரவுசரின் உள்விவரத்தில் பிரித்துப் பார்த்தாள். அதிலும் ஒரே கார். நிரல் எதையும் தொலைக்கவில்லை. தளமே அவ்வளவுதான் கொடுத்திருந்தது.

"மனோஜு, இந்த ஸ்கிரிப்ட் உன்ற கம்ப்யூட்டர்ல ஓடி, உன்ற பேர்லதான் போய்க் கேக்குது. நீ என்ன பாக்கலாமோ அதைத்தான் குடுக்குது!"

பட்டியலின் அமைப்பைத் திறந்தாள். அடுத்தவர் பதிவைத் திருத்தக் கூடாதென்று நினைத்து, 'அவரவர் பதிவு மட்டும்' என்பதை இரண்டு இடத்தில் தேர்ந்தெடுத்திருந்தாள். ஒன்று திருத்த, மற்றது படிக்க. பொறுப்பாளர் என்பதால் அவளுக்கு மட்டும் எல்லாக் கார்களும் தெரிந்திருக்கின்றன. படிப்பதை எல்லோருக்கும் திறந்துவிட்டாள்.

"இப்பப் பாரு."

"அய்யோ, பூங்குழலி மேடமும் கொள்ளேகாலா! வாராவாரம் நான் தனியாத்தானே போறேன்!"

அந்த வெள்ளிக்கிழமை பூங்குழலியின் காரில் மூவரும் கிளம்பினார்கள். டீக்கு வழியில் நரசிபுரத்தில் நிறுத்துவதா, கொள்ளேகால் போய்க் குடிப்பதா என்று முன்சீட்டில் ஒரே தர்க்கம். மாதேவி பின்சீட்டில் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தாள்: கார்கள் நிறையச் சேர்ந்தால், தளம் அத்தனையையும் ஒரே தடவையில் கொடுக்குமா?